நிறுத்தியவர் பெயர்

ஞானாம்பாளுக்கு நாலு நாளாகப் பிடரி வலி. எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாலும் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் ஆணி அறைந்த மாதிரி இருந்தது. விடிந்தால் மறுபடி கூடையைத் தூக்கி அதே இடத்தில்தான் வைக்க வேண்டும். கூடையிலிருந்து ஒழுகும் உப்புத் தண்ணீர் சும்மாட்டை நனைத்து, கழுத்து வழியாக ரவிக்கைக்குள் இறங்கி, வேர்க்குரு உடைந்த இடத்தில் எல்லாம் எரித்தது. குதிகால் வெடிப்பைப் பற்றி அவள் பேசுவதில்லை. அது உப்பளத்துக்கு வந்த முதல் வருஷத்திலிருந்து இருப்பது.

மார்ச் மூன்றாம் வாரம். பத்து மணிக்கே பாத்திகள் கண்ணைக் கூசவைத்தன. புருஷன் தனகோடி பாத்திக்குள் நின்று நீளக் கழியில் செருகிய பலகையால் உப்பை வரப்போரம் இழுத்துக்கொண்டிருந்தான். இழுத்ததை அள்ளிக் கூடையில் போடுவது மகள் ரேணுகா. சுமந்துபோய் மேட்டில் இருக்கும் அம்பாரத்தில் கொட்டுவது ஞானாம்பாள். பத்தாம் வகுப்புப் பரிட்சைக்குப் பள்ளியில் லீவு விட்டிருந்தார்கள். காலையில் அளம், மத்தியானத்துக்கு மேல் படிப்பு என்று பேசி வைத்திருந்தார்கள்.

வரப்பின் மேல் மேரிசெல்வி வந்தாள். நாலு பாத்தி தள்ளி வேலை செய்யும் அந்தோணிசாமியின் மகள். ரேணுகாவோடு ஒரே பெஞ்சில் உட்காருகிறவள். கையில் ஒரு காகிதம், காற்றில் பறக்காமல் இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"இன்னாடி அது?"

"ஹால் டிக்கெட்டு அத்தை. அப்பாவாண்ட காட்டலாம்னு எடுத்தாந்தேன்."

"ரேணுகாவுது?"

மேரிசெல்வி ரேணுகாவைப் பார்த்தாள். பிறகு காலைப் பார்த்துக்கொண்டாள்.

"அவ பேரு லிஸ்ட்லயே இல்லை அத்தை. பதினாலு பேருக்குத்தான் வந்திருக்குதாம்."

ரேணுகா அள்ளிய உப்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். தனகோடி பலகையை நிறுத்தவில்லை. அவன் நிறுத்தாததை ஞானாம்பாள் கவனித்தாள்.

*

மத்தியானக் கூழைக் குடிக்காமல் அவள் பள்ளிக்கு நடந்தாள். கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரம், சவுக்குத் தோப்பை ஒட்டி இரண்டு கொட்டாய், ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஓர் அறை. சுனாமி அலை வந்த அடுத்த வருஷம் ஏதோ ஒரு டிரஸ்ட் ஆரம்பித்தது. கொட்டாய் ஸ்கூல் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். பெரிய பள்ளியில் பெயிலானவர்கள், நின்றுபோனவர்கள், கல்யாணம் பேசி முறிந்த பெண்கள் என்று இருபத்தேழு பேர். தனித்தேர்வர்களாகப் பத்தாவது எழுத வைப்பார்கள்.

சேர்க்கும்போது நாலு பக்க ஃபாரம். வாத்தியார் மணிவண்ணன் கேள்வி கேட்டு அவரே எழுதிக்கொண்டார். வீட்டில் எத்தனை பேர், எழுதப் படிக்கத் தெரிந்தவர் யார், கூரையா ஓடா, வருஷத்தில் எத்தனை நாள் வேலை, எத்தனை வேளை சோறு, குடிப்பழக்கம் உண்டா.

"எங்க பசிய எழுதிக்கினு போயி எங்க விக்கப் போறானுவ இவனுவ?" என்று தனகோடி அவர் காதில் விழும்படியே கேட்டான்.

மணிவண்ணன் கோபப்படவில்லை. பக்கத்துப் பிரம்மதேசம் கிராமத்துக்காரர், நெல் அறுக்கிற குடும்பத்தில் பிறந்து படித்து வந்தவர். கடைசியில் கைநாட்டு. தனகோடி மூன்று முறை அழுத்தியும் காகிதத்தில் மை அப்பிய வட்டம்தான் விழுந்தது. இருபத்திரண்டு வருஷமாக உப்புத் தண்ணீரும் பலகைக் கழியும் தேய்த்த விரல்.

"இன்னாண்ணே, ரேகையே இல்ல! உங்கள எந்தப் போலீசும் புடிக்க முடியாது" என்று மணிவண்ணன் சிரித்தார். தனகோடியும் சிரித்துவிட்டான். அன்றைக்குத்தான் ரேணுகாவைச் சேர்க்க அவன் தலையாட்டினான்.

இப்போது மணிவண்ணன் ஆஸ்பெஸ்டாஸ் அறையில் தனியாக உட்கார்ந்திருந்தார். சுவரில் கலர் அட்டை. மொத்த மாணவர் இருபத்தேழு: உப்பளம் பதினொன்று, குப்பம் ஒன்பது, விவசாயக் கூலி ஏழு. அதற்குக் கீழே பத்தாவது எழுதுவோர் என்று ஒரு கட்டம்.

"சார், எங்க பொண்ணுக்கு ஹால் டிக்கெட்டு வரலியாமே?"

"உக்காருங்கம்மா."

"உப்புக் காலு, பெஞ்சு ஈரமாயிடும். சொல்லுங்க சார்."

"உங்க வீட்டுல சொல்லலியா உங்களுக்கு?"

"இன்னா சொல்லணும்?"

மணிவண்ணன் அலமாரியைத் திறந்து ஒரு ஃபைலை எடுத்தார். எடுக்கும்போது இரண்டு முறை அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"ஜனவரியில, பொங்கலுக்கு முன்னால, உங்க வீட்டுக்காரர் லெட்டர் குடுத்திருக்காரு. படிக்கிறேன் கேளுங்க. 'உப்பளப் பருவம் தொடங்குவதால் என் மகள் ரேணுகாவை வேலைக்கு அழைத்துச் செல்கிறேன். அவள் பெயரைத் தேர்வுப் பட்டியலிலிருந்து நீக்கிவிடவும்.' கீழ கைநாட்டு."

"அவ அதுக்கப்புறமும் தெனம் வந்தாளே சார். இங்கதான சோறு துன்னா."

"வர்ற பொண்ண வராதேன்னு எப்படிம்மா சொல்றது?"

காகிதத்தை அவள் பக்கம் திருப்பினார். எழுத்து அவளுக்குத் தெரியாது. கைநாட்டு தெரிந்தது. ஊதா மையில், காற்றடிக்கும்போது பாத்தித் தண்ணீரில் விழும் சுருக்கம் மாதிரி வளைவு வளைவாகக் கோடுகள். அதன் குறுக்கே சாய்வாக ஒரு வெள்ளைக் கீற்று. ஞானாம்பாள் அதைப் பார்த்தாள். ஆனால் மனசில் ஓடியது வேறு. பொங்கல் கழிந்தால் அளத்தில் பாத்தி மிதிக்க வேண்டும். சேற்றை வரிசையாக நின்று மிதித்துத் தரையை இறுக்கினால்தான் உப்பு வெள்ளையாக விளையும். அதற்கு ஒரு ஜோடிக் கால் கூட வேண்டும் என்று தனகோடி டிசம்பரிலேயே முனகிக்கொண்டிருந்தான். "பொட்டப் புள்ள பத்தாவது எழுதி கலெக்டராவப் போறாளா? வயசுல கூலிக்கு வந்தா ஆவாதா?" இப்படி ஒரு தரம் இல்லை, பத்துத் தரம் சொன்னவன்.

பலகையை அவன் ஏன் நிறுத்தவில்லை என்று இப்போது புரிந்தது போல இருந்தது.

*

மூன்று நாள் அவள் அவனோடு பேசவில்லை. கூழை ஊற்றி வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ரேணுகாவும் பேசவில்லை. அப்பா நீட்டிய சொம்பை அவள் கையால் வாங்காமல், கீழே வைத்த பிறகு எடுத்தாள். தனகோடி முதல் நாள் கத்தினான். இரண்டாம் நாள் முறைத்தான். மூன்றாம் நாள் அவனுக்கும் சந்தேகம் வந்துவிட்டது.

அன்று வேலை முடிந்து சாயங்காலம் குடிசை வாசலில் உட்கார்ந்தான். ரேணுகா சென்னாகுன்னிப் பொடி இறால் கருவாட்டை வறுத்துக்கொண்டிருந்தாள்.

"ஏ ஞானம், நேரா கேக்கறேன். உம் பொண்ணுதான் பெயிலாயிடுவோம்னு பயந்து பேர எடுத்துடச் சொல்லிட்டாளா? டிசம்பர் டெஸ்டுல கணக்குல பத்தொம்போது வாங்கினாளே, அந்தப் பயத்துல?"

"த்தூ!" ஞானாம்பாள் மூன்று நாள் பூட்டி வைத்ததைத் திறந்தாள். "செய்யறதையும் செஞ்சிட்டு அவ தலையில வைக்கறியா? பெத்த பொண்ணு கூலியில குடிக்கலாம்னு பாத்தியேய்யா, நீயெல்லாம் ஒரு அப்பனா?"

"நா இன்னா செஞ்சேன்?"

"லெட்டர் குடுத்தியே. கைநாட்டு வெச்சு. எங் கண்ணால பாத்தேன்."

"எந்த லெட்டரு? பள்ளிக்கொடத்துப் பக்கம் நா போயி வருசமாவப் போவுது!"

"கல்லாட்டம் நிக்கறான் பாரு. நீ சொல்லல, பாத்தி மிதிக்க ஆளு வேணும்னு? சொல்லல நீ?"

"சொன்னேன்." தனகோடியின் குரல் இறங்கியது. "சொன்னேன்தான். சொன்னா செஞ்சதா ஆயிடுமா?"

ரேணுகா கரண்டியை வைத்துவிட்டு அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வைதான் அவனை எழுப்பியிருக்க வேண்டும். நேராக அடுப்புக்குப் போனான். இறக்கி வைத்திருந்த சோற்றுப்பானையின் அடிக்கரியில் கட்டைவிரலைத் தேய்த்தான். சூடு இருந்திருக்கும், அவன் விரலுக்குத் தெரியாது. சுவரில் தொங்கிய காலண்டரில் போன மாசத் தாளைக் கிழித்துத் திருப்பிப் போட்டு அழுத்தினான். இன்னொரு தரம். இன்னொரு தரம்.

"பாரு. இதான உம் புருசன் கையெழுத்து? நீ பாத்தது இதானா?"

மூன்று கரி வட்டம். வழவழவென்று, ஒரு கோடு இல்லாமல்.

ஞானாம்பாள் தாளைக் கையில் எடுத்தாள். ஊதா மை நினைவுக்கு வந்தது. வளைவு வளைவான கோடு. நடுவில் வெள்ளைக் கீற்று. இருபது வருஷம் இந்த விரலோடு குடும்பம் நடத்தியவள், அறையில் அதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு, நேராகப் புருஷனைச் சந்தேகப்பட்டு வந்திருக்கிறாள்.

"இல்ல" என்றாள். "அதுல கோடு இருந்துது."

"அப்ப யாருதுமா அது?" என்றாள் ரேணுகா.

கருவாடு தீய்ந்த வாடை வந்தது. அன்றைக்கு ரேணுகாதான் அப்பாவுக்குச் சோறு போட்டாள். ஞானாம்பாள் அவன் முகத்தைப் பார்க்காமல் தண்ணீர் வைத்தாள். சொன்ன வார்த்தையைத் திருப்பி எடுத்துக்கொள்ள அவளுக்கு வாய் வரவில்லை.

*

உப்பு வேலை செய்கிறவன் கை எல்லாம் ஒன்றுதான். அந்தோணிசாமிக்கும் ரேகை கிடையாது, அவன் பெண்சாதிக்கும் கிடையாது. கோடு விழுகிற விரல் என்றால் அளத்து வேலை பார்க்காத விரல், இல்லை அளத்தை விட்டு வருஷமான விரல். மணிவண்ணனே வைத்துக்கொண்டாரா? இதே யோசனையோடு மறுநாள் காலை அளத்துக்குப் போகும் வழியில், தெருக்கோடி வீட்டு வாசலில் ஞானாம்பாள் நின்றாள்.

சாலம்மாள் அரிவாள்மணையில் உட்கார்ந்து பள்ளிக்கூடச் சாம்பாருக்குக் கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தாள். முட்டி தேய்ந்து அளத்தை விட்டு ஆறு வருஷம். வீட்டு வேலை, பத்துப் பாத்திரம் என்று காலம் தள்ளியவளுக்குக் கொட்டாய் ஸ்கூலில் சமையல் வேலை கிடைத்தது. ரேணுகாவைச் சேர்க்கச் சொல்லி மூன்று நாள் வந்து நச்சரித்தவளே அவள்தான்.

"வா ஞானம். இன்னா காலங்காத்தால? டீத்தண்ணி குடிக்கிறியா?"

ஞானாம்பாள் அவள் வலது கட்டைவிரலைப் பார்த்தாள். நுனியில் சாய்வாக ஒரு பழைய வெட்டு, தழும்பாகி வெளுத்துக் கிடந்தது.

"அது எப்ப வெட்டினது அக்கா?"

"இதுவா? போன ஆடியில. பூசணிக்கா வழுக்கிடுச்சு. அரிசி வந்த பேப்பர்ல கைநாட்டு வெக்க சொல்லோ, சாரே சிரிச்சாரு, உன் ரேகைய நடுவால அறுத்துட்டியே சாலம்மான்னு."

"அரிசிக்கு எப்பவும் ஒரு பேப்பருதான வெப்பே?"

"ஒண்ணுதான். பொங்கலப்போதான் அஞ்சு." சாலம்மாள் கத்தரிக்காயைத் தண்ணீரில் போட்டாள். "அரிசி, பருப்பு, எண்ணெ, எல்லாத்துக்கும் தனித்தனியா வேணும்னு ஆபீசுல கேக்கறாங்கன்னாரு. வெச்சேன். ஏன்?"

ஞானாம்பாள் சொன்னாள். சுற்றி வளைக்காமல் சொன்னாள். சாலம்மாளின் கை அரிவாள்மணை மேல் அப்படியே நின்றது.

"அஞ்சும் புள்ளைங்க பேப்பரா?"

"அஞ்சும் உப்பளத்துப் புள்ளைங்கதான். லிஸ்ட்ல இல்லாதது அந்த அஞ்சுதான்னு மேரிசெல்வி சொன்னா."

"நா படிக்கத் தெரியாதவ, ஞானம். எம் பசங்க மேல சத்தியம். ரேணுகா என்ன பெரிம்மான்னு கூப்புடற பொண்ணு."

"தெரியும் அக்கா. எங்கூட வா. அந்தாளாண்ட இத சொல்லு."

சாலம்மாள் தாழ்வாரத்து மூங்கிலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். முட்டி மடக்கென்றது.

"சொன்னா நாளைக்கி எனுக்கு அடுப்பு கெடயாது. இந்தக் கால வெச்சிக்கினு பாத்தி மிதிக்க முடியுமா, நீயே சொல்லு."

ஞானாம்பாளுக்குக் கோபம் வந்தது. அந்த முட்டியைப் பார்த்ததும் கோபம் நின்ற இடத்திலேயே நின்றது.

"உம் பேர நா சொல்லல" என்றாள். "ஆனா இனிமே எதுல விரல வெச்சாலும் ரேணுகாவ கூட்டு. அவ படிச்சி சொல்லுவா."

*

தனகோடி சட்டை போட்டுக்கொண்டு ஞானாம்பாளோடு பள்ளிக்கு வந்தான். காலண்டர் தாளை நாலாக மடித்துப் பையில் வைத்திருந்தான். மணிவண்ணன் முன்னால் அதை விரித்தான்.

"எங் கைநாட்டு சார். உங்க ஃபைல்ல இருக்கறதையும் எடுங்க. ரெண்டையும் பக்கத்துல வெச்சிப் பாப்போம்."

மணிவண்ணன் அலமாரிப் பக்கம் போகவில்லை. கரி வட்டங்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தான் சிரித்த நாள் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். காது மடல் சிவந்தது.

"யார் சொன்னாங்க உங்களுக்கு?"

"யாரும் சொல்லல சார். என் வெரலு சொல்லிச்சி."

வெளியே கொட்டாயில் பிள்ளைகள் படிக்கிற சத்தம் கேட்டது. மணிவண்ணன் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"அண்ணே, உங்ககிட்ட மறைக்கல. பணம் குடுக்கறவன் ரிசல்ட்டுதான் கேக்கறான். நூத்துக்கு எண்பதுக்குக் கீழ போனா இந்த வருஷத்தோட மூடிடுங்கன்னு லெட்டர் வந்திருக்கு. பத்தொம்பது பேர்ல அஞ்சு பேர் டெஸ்டுல தேறல. மூடிட்டா மத்த புள்ளைங்க எங்க போவாங்க? அந்தச் சமையல்காரம்மா எங்க போவும்? அக்டோபர்ல கண்டிப்பா எழுத வெக்கறேன். ரேணுகா நல்ல பொண்ணு, கணக்கு மட்டும்தான் உதைக்குது."

"பெயிலாவட்டும் சார்" என்றாள் ஞானாம்பாள். "எழுதிட்டுப் பெயிலாவட்டும். எழுதவே உடலியே நீங்க."

"தப்புதாம்மா."

தனகோடி மெதுவாகக் கேட்டான்: "பேரு எடுத்தது நீங்க. அத ஏன் சார் நான் எடுத்ததா எழுதினீங்க?"

மணிவண்ணன் உள்ளதையே சொன்னார்.

"நாங்க எடுத்தோம்னா ஏன்னு கேப்பாங்க. உப்பளத்துக்காரங்க பொண்ண நிறுத்திட்டாங்கன்னா யாரும் கேக்க மாட்டாங்கண்ணே."

தனகோடி தாளை மடித்துப் பையில் வைத்தான். அவன் அடிப்பான் என்று ஞானாம்பாள் நினைத்தாள். அவன் அடிக்கவில்லை. அடிக்க முடியாதபடி ஏதோ ஒன்று அவன் கையைப் பிடித்தது. நிறுத்திவிடலாம் என்று அவன் பத்துத் தரம் சொன்னது நிஜம்.

"அந்த லெட்டர கிழிங்க."

"அது காப்பிண்ணே. அசல் பொம்மையார்பாளையம் டிரஸ்ட் ஆபீசுக்குப் போயி, அங்கிருந்து வெளிநாட்டுக்கும் போயிடுச்சு."

*

முதல் பரிட்சை அன்று காலை ரேணுகா கூடையோடு வரப்பில் நின்றாள். மேரிசெல்வி போகும் பஸ் சாலையில் தெரிந்தது. பஸ் மறைகிறவரை ரேணுகா பார்த்துவிட்டு, கூடையை இறக்காமல் அம்பாரத்துக்கு நடந்தாள். ஞானாம்பாள் பின்னால் போனாள்.

ஜூனில் ரிசல்ட் வந்தது. பதினாலு பேர் எழுதிப் பதிமூன்று பேர் பாஸ். சுவரில் புது அட்டை. நின்றவர்கள் ஐந்து, காரணம் உப்பள வேலை, நிறுத்தியவர் பெற்றோர். அதை ரேணுகா படித்துச் சொன்னாள். மணிவண்ணனைப் பெரிய ஆபீசுக்கு மாற்றிவிட்டார்கள். அக்டோபர் பரிட்சைக்கு ஃபாரம் கட்டும் நாள் எப்போது என்று தனகோடி ஆகஸ்டில் இரண்டு முறை போய்க் கேட்டான். புதிய வாத்தியார் ரிஜிஸ்டரைப் புரட்டி, "நீங்கதான நிறுத்தினீங்க?" என்றார். மூன்றாவது முறை போனபோது நாள் முடிந்திருந்தது. சாலம்மாள் மட்டும் சோறு ஆக்கிக்கொண்டிருந்தாள். யார் எந்தக் காகிதத்தை நீட்டினாலும், "ரேணுகா வரட்டும்" என்று கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறாளாம்.

செப்டம்பர் கடைசியில், மழைக்கு முன் கடைசி உப்பை வாரிக்கொண்டிருந்தார்கள். வடக்கே மேகம் கறுத்திருந்தது. செருப்பைக் கையில் பிடித்தபடி ஒரு பெண் வரப்பில் வழுக்கி வழுக்கி வந்தாள். டிரஸ்டிலிருந்து வருவதாகவும், பெயர் சகாயசெல்வி என்றும் சொன்னாள். இருபத்தைந்து வயசு இருக்கும். தோளில் பை, கையில் அட்டை, அட்டையில் ஃபாரம்.

"நீதான ரேணுகா? படிப்பு நின்ன பசங்க இப்ப இன்னா செய்யறாங்கன்னு கணக்கெடுக்கறோம். நாலே நாலு கேள்விம்மா."

ரேணுகா கூடையை இறக்கி வைத்தாள்.

"இப்ப வேலை... உப்பளம். சரி. கல்யாணம் ஆவல. படிச்சது ஒம்பதாவது. நிறுத்தியவர் பெயர்..." அந்தப் பெண் ஃபாரத்தைப் பார்த்துப் படித்தாள். "தனகோடி, தந்தை. இது ஏற்கெனவே போட்டிருக்கு. சரிதான?"

தனகோடி பாத்திக்குள் பலகையை நிறுத்தினான். தலையைத் தூக்கவில்லை. ஞானாம்பாள் அவனைப் பார்த்தாள். ஆறு மாசமாக அவள் சொல்லாமல் வைத்திருந்த வார்த்தை வாய் வரைக்கும் வந்தது.

ரேணுகா முந்திக்கொண்டாள்.

"அத அடிங்க அக்கா."

"அடிச்சிட்டு?"

"எங்கப்பா நிறுத்தல. நானும் நிக்கல."

"அப்ப இன்னா போடறது? அப்பா, அம்மா, தானே, கல்யாணம், இந்த நாலுதாம்மா கட்டம் இருக்குது."

ரேணுகா உப்புக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, பேனாவுக்குக் கையை நீட்டினாள். அந்தப் பெண் தயங்கிக் கொடுத்தாள். ரேணுகா தந்தை பெயரைக் குறுக்கே அடித்தாள். கட்டத்துக்கு வெளியே, ஓரத்தில் இருந்த வெள்ளையில் எழுதினாள். எழுதியதை அப்பாவுக்குக் கேட்கும்படி படித்தாள்.

"தமிழ் ரெண்டு, இங்கிலீஷ் ரெண்டு, கணக்கு, சயின்ஸ், சோஷியல். கொட்டாய் ஸ்கூல் ரேணுகாவுக்குத் தர வேண்டிய பாக்கி, ஏழு பேப்பர்."